குழந்தைக்கு குவில்ட் தைக்கிறீர்களா? கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

பாதி தைத்துவிட்டு, "என்னமோ இழுக்குதே" என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

குவில்ட் என்பது மேல்துணி, நடு அடுக்கு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பு. கணக்குக்காக ஒரு குவில்ட்டை வைத்துக்கொள்வோம். 36 இன்ச் சதுரம். 5 இன்ச் சதுரமாக வெட்டிய 64 துண்டுகள், வரிசைக்கு 8. தையலுக்குக் கால் இன்ச் போக ஒவ்வொரு கட்டமும் 4½ இன்ச் நிற்கும். மேலே பழைய பருத்திச் சேலைத் துண்டுகளும் கடையில் வாங்கிய கேம்ப்ரிக் பிட்டுகளும். கீழே ஒரே துணி. நடுவில் பஞ்சு ஷீட், அல்லது பழைய வேட்டி. வீட்டில் இருக்கும் பழைய கறுப்புத் தலைத் தையல் மிஷினே போதும்.

கோளாறு பெரும்பாலும் கண்ணில் படும் இடத்தில் பிறப்பதில்லை. பின்பக்கச் சுருக்கம் ஊக்குக் குத்தும்போதே விழுந்திருக்கும், முனை சேராதது வெட்டும்போதே முடிவாகியிருக்கும். அதனால் மிஷினின் திருகுகளில் கைவைப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், தலையணை, தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. முகத்தில் விழுந்தால் மூச்சு அடைக்கும். தூளிக்குள் மடித்துப் போடுவதும் வேண்டாம். குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்துக் குப்புற விழுந்து விளையாட விடுவதற்குத்தான் இது. அப்படிப் பார்த்தால் புசுபுசுவென்று தடிமனாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பட்டன், முத்து, கண்ணாடிச் சில்லு, தொங்கும் குஞ்சம் ஒன்றும் வைக்காதீர்கள். பிய்ந்து வருவது எதுவும் நேராக வாய்க்குத்தான் போகும்.

பரப்பிப் பார்த்தால் கலங்கலாகத் தெரிகிறது

துண்டு ஒவ்வொன்றும் தனியாக அழகு, சேர்த்து வைத்தால் எதுவும் எடுப்பாக இல்லை. நிறம் சரியில்லை என்று புதுத் துணி வாங்க ஓடாதீர்கள். தரையில் அடுக்கி, செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர் நிறம் போதவில்லை என்று அர்த்தம். மஞ்சளும் பச்சையும் சிவப்பும் கலந்திருந்தாலும், அழுத்தம் ஒன்றாக இருந்தால் கண் பிரித்துப் பார்க்காது. பத்துப் பன்னிரண்டு கட்டங்களை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டித் துண்டோ, சந்தன நிறப் பிட்டோ வைத்துப் பாருங்கள். மற்றவை தானாக மேலே எழும்பும்.

கட்டத்துக்குக் கட்டம் முனை சேரவில்லை

நாலு கட்டங்கள் கூடும் இடம் கூட்டல் குறியாக விழாமல் படி போட்டு நிற்கிறது. ஸ்கேலை எடுங்கள். தைத்த வரிசையின் நடுவில் உள்ள ஒரு கட்டத்தை, தையலுக்குத் தையல் அளந்து பாருங்கள். 4½ இன்ச் இருந்தால் வரிசையோடு வரிசையை இணைக்கும்போது துணி நகர்ந்திருக்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் தையலுக்குள் கால் இன்ச்சுக்கு மேல் போகிறது.

கூடுதலாகப் போவது ஒரு பக்கத்துக்கு அரை நூல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நூல் என்பது ஓர் அளவு, இன்ச்சுக்கு 8 நூல். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஓர் இணைப்புக்கு ஒரு நூல். வரிசையில் 7 இணைப்புகள். ஆக 7 நூல், கிட்டத்தட்ட ஒரு இன்ச் காணாமல் போயிருக்கும். எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போனால் பரவாயில்லை, குவில்ட் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஒரு வரிசையில் போய் அடுத்ததில் போகாவிட்டால்தான் வம்பு.

கையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷர் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் காலின்) ஓரத்தை நம்பித் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஓரம் ஊசியிலிருந்து கால் இன்ச்சில்தான் இருக்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஊசியை இறக்கி, அங்கிருந்து வலப்பக்கம் கால் இன்ச் அளந்து, மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்.

அளவு சரியாக இருந்தும் முனை நகர்ந்தால் இஸ்திரியைக் கவனியுங்கள். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள், அடுத்த வரிசையில் இடப்பக்கம். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் தடித்த ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும், பள்ளமும் மேடும் இல்லாமல் பொருந்தியிருக்கும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, மிஷின் ஊசி கிட்டே வந்ததும் உருவிவிடுங்கள்.

ஒரு நூல் நகர்ந்த முனைகளைப் பிரிக்க வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று அடுக்கையும் பிடிக்கும் குவில்ட் தையல் மேலே ஓடியபிறகு யாரும் ஸ்கேலோடு வரப் போவதில்லை. இரண்டு நூலுக்கு மேல் போனதை மட்டும், முனைக்கு இரண்டு பக்கமும் 2 இன்ச் பிரித்துத் திரும்பத் தையுங்கள்.

கடைத் துணி நேராக நிற்கிறது, சேலைத் துண்டு மட்டும் கோணுகிறது

பல வருஷம் துவைத்த பருத்திச் சேலையில் கஞ்சி என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. கத்திரிக்கோல் பட்ட உடனே பாவும் ஊடையும் (நீள இழையும் குறுக்கு இழையும்) நெளிந்துவிடும். 5 இன்ச்சாக வெட்டிய துண்டு மிஷினுக்குப் போவதற்குள் கோணலாக இழுபட்டிருக்கும். மருந்து பழையதுதான்: வெட்டுவதற்கு முன் கஞ்சி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சேலைத் துண்டை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி விறைப்பாக நிற்கும். வேலை முடிந்து முதல் துவையலில் கஞ்சி முழுவதும் போய், பழைய மென்மை திரும்பிவிடும். வடிகஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் கடைக் கஞ்சி மாவு போதும்.

நேர்க்கோடு பிடிக்க ஸ்கேலைவிட இழை நம்பகமானது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, ஊடை நூல் ஒன்றை ஊசி முனையால் தூக்கி மெதுவாக இழுங்கள். நூல் உருவிக்கொண்டு வரும்போது துணியில் மெல்லிய ஒரு தடம் விழும். அந்தத் தடத்திலேயே வெட்டுங்கள். முதல் வெட்டு மட்டும் இப்படிப் போதும், மற்றதை அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

சேலை முழுவதும் ஒரே பலத்தில் இருக்காது. இடுப்பில் செருகிய இடமும், உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடமும், தரையில் இழுபட்ட கீழ் ஓரமும் நைந்திருக்கும். கொசுவம் வரும் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். இழை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். பாட்டியின் சேலை, அந்தப் பூ இருந்தே ஆக வேண்டும் என்றால், அடியில் அதே அளவு மல் துணி வைத்து, இரண்டையும் ஒரே துண்டாகப் பாவித்துத் தையுங்கள். ஜரிகைக் கரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். குழந்தையின் கன்னத்தைக் கீறும்.

மேல் துணியின் ஓரம் அலை அலையாக எழும்புகிறது

நடு சமமாகப் படிந்து ஓரம் மட்டும் எழும்பினால், சுற்றுக்கரையை (கட்டங்களைச் சுற்றி வைக்கும் துணிப்பட்டியை) அளக்காமல் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மீதியை வெட்டியிருக்கிறீர்கள். மேல் துணியின் அகலத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து, கரையை அந்த நீளத்துக்கே வெட்டுங்கள். இரு முனைகளையும் நடுவையும் முதலில் குண்டூசியால் பிடித்துவிட்டு, மிச்சத்தைப் பரப்பித் தையுங்கள். முக்கோணத் துண்டுகள் வரும் டிசைன் என்றால் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும் ஓரம் இழுத்தால் இழுத்த பக்கம் வரும். அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

பின்பக்கம் மடிப்பு விழுந்திருக்கிறது

மேலே அழகாக இருக்கும். திருப்பினால், தையலுக்கு அடியில் துணி மடிந்து சிக்கியிருக்கும். அதிகம் பேரை அழவைப்பது இதுதான், எனவே நிதானமாகப் பார்ப்போம்.

மிஷினின் அடிப்பல் கீழ்த்துணியைப் பின்னால் நகர்த்துகிறது. மேலே பிரஷர் ஃபுட் அழுத்திப் பிடித்துக்கொள்வதால் மேல்துணி கொஞ்சம் பின்தங்குகிறது. இரண்டு அடுக்குச் சட்டையில் இது தெரியாது. நடுவில் பஞ்சோடு மூன்று அடுக்கு வரும்போது, ஒவ்வொரு தையலிலும் சேரும் துளி வித்தியாசம், குறுக்குத் தையல் வரும் இடத்தில் மடிப்பாக வந்து நிற்கும். அடுக்குகள் தளர்வாக இருந்தால் மடிப்பு பெரிதாகும்.

முதல் சிகிச்சை தரையில். கீழ்த்துணி நாலு பக்கமும் மேல்துணியைவிட 3 இன்ச்சாவது பெரியதாக இருக்கட்டும். சுத்தமான தரையில் அதன் உள்பக்கம் மேலே வரும்படி விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் நிற்க வேண்டும், ஆனால் இழுத்துக் கட்டக் கூடாது. ரொம்ப இழுத்தால், டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொண்டு மேலே சுருக்கத்தைத் தள்ளும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் கட்டத் துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே, 4 இன்ச்சுக்கு ஒரு ஊக்கு. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும். எத்தனை ஊக்கு குத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். எடுக்கும்போதும் அதே எண்ணிக்கை வந்தாக வேண்டும்.

இரண்டாவது, மிஷின். கறுப்புத் தலையின் இடக்கோடியில், மேலே நிற்கும் திருகு பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்துக்கானது. அதைச் சில சுற்று தளர்த்துங்கள். தையல் நீளத்தை இன்ச்சுக்கு 8 முதல் 10 என்று வையுங்கள். வாக்கிங் ஃபுட் என்று ஒன்று கிடைக்கிறது. மேலேயும் பல் வைத்து, மேல்துணியையும் கூடவே நடக்க வைக்கும். மிஷின் மாடலைச் சொல்லி, பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். குவில்ட்டுக்கு இதைப் போல் உதவும் சாமான் வேறு கிடையாது.

மூன்றாவது, வரிசை. நடுக்கோட்டை முதலில் தைத்து, பிறகு வெளியே வெளியே போங்கள். கோடுகளை எல்லாம் ஒரே பக்கமிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி சாய்வாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஏற்கெனவே மடிப்பு விழுந்த இடத்துக்கு முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டாம். மடிப்புக்கு முன்னும் பின்னும் 3 இன்ச் பிரித்து, கூடுதல் துணியை விரலால் இரண்டு பக்கமும் பரப்பி, அந்த இடத்தைக் கையால் தைத்துவிடுங்கள்.

மிஷினோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் முழுவதையும் ஓட்டுத்தையலில் முடிக்கலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் செய்யும் கவந்தியைப் பாருங்கள். பழந்துணித் துண்டுகளை ஓரம் மடித்து மேலே வைத்து, ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைத்து நடுவில் வந்து முடிக்கிறார்கள். நான் மேலே சொன்ன 'நடுவிலிருந்து வெளியே' என்பதற்கு நேர் எதிர். அங்கே துணியை அழுத்தித் தள்ள பிரஷர் ஃபுட் இல்லை. ஒவ்வொரு துண்டையும் கை தடவிச் சமன் செய்தபடியே போகிறது. நீங்கள் கையால் தைப்பதென்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: தையல் சின்னதாக இருக்கட்டும். அரை இன்ச் நீளத்துக்கு நூல் மேலே கிடந்தால் குழந்தையின் கால்விரல் மாட்டிக்கொள்ளும்.

அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது, தையல் விட்டுவிடுகிறது

அடியில் சிக்கல் என்றால் பாபினைத்தான் திட்டுவோம். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் (நூலை இறுக்கிப் பிடிப்பவை) மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பாதிப் பிரச்சினை இதோடு தீரும்.

தையல் நடுநடுவே விட்டுப்போனால் ஊசியை மாற்றுங்கள். பருத்தி அடுக்குகளுக்கு 14-ஆம் நம்பர், தடித்த பஞ்சு ஷீட்டுக்கு 16. ஊசியின் நீளப் பள்ளம் நூல் கோக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள், அடிப்பல்லுக்கு நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

இவ்வளவும் பார்த்தபிறகுதான் டென்ஷன். மேல்பக்கம் அடி நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் தளர்ச்சி. மேலும் கீழும் ஒரே நிற நூல் போட்டால் சின்னச் சின்னக் குறைகள் கண்ணுக்கே தெரியாது.

துவைத்ததும் சாயம் இறங்கிவிட்டது

காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு, பெரிய டப் நிறைய வெந்நீரில் சோப்புத் தூளைக் கரைத்து, குவில்ட் முழுவதும் மூழ்கும்படி ஊறப்போடுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். கழன்று வந்த சாயம் திரும்பத் துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்க அதுதான் வழி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நிறமில்லாமல் வரும்வரை விடாதீர்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் நாலு முறை அலசுங்கள், சோப்பு தங்கக் கூடாது.

கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலின் பக்கம் தள்ளும். தைக்க வந்த துணியில் ஒட்டாமல் மிச்சம் நிற்கும் சாயத்தை உப்பால் கட்டிப்போட முடியாது. வினிகரும் அப்படித்தான். வெட்டுவதற்கு முன் அரக்கு, கருநீலம், கறுப்புத் துண்டுகளை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் இறங்கினால் முன்கூட்டியே வெந்நீரில் துவையுங்கள். திரும்பத் திரும்ப இறங்கினால் அந்தத் துணி தலையணை உறைக்குப் போகட்டும்.

பஞ்சு ஒரு பக்கம் திரண்டுவிட்டது, அல்லது இழை வெளியே வருகிறது

இலவம் பஞ்சோ, தலையணைக்கு அடைக்கும் உதிரி ஃபைபரோ போட்டிருந்தால் திரளத்தான் செய்யும். மெத்தைக்கு ஆகும், இதற்கு ஆகாது. ஷீட்டாக வாங்கியும் திரண்டால் தையல் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. 4 இன்ச்சுக்கு ஒன்று வரும்படி இடையில் இன்னும் கோடுகள் ஓட்டுங்கள்.

தளர்ந்த நெசவுச் சேலை வழியாகப் பாலியஸ்டர் இழை எட்டிப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், கூடவே நாலு வரும். துணி மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். முழுத் தீர்வு அடுத்த குவில்ட்டில்தான்: பஞ்சுக்கும் சேலைக்கும் நடுவே நெருக்க நெசவுத் துணி ஒன்று.

நம் ஊர் வெயிலுக்கு நான் பஞ்சே போடச் சொல்வதில்லை. பழைய பருத்தி வேட்டியை இரண்டு மூன்று மடிப்பாக நடுவில் வைத்தால் திரளாது, இழை வராது, சீக்கிரம் காயும், குழந்தைக்கு வேர்க்காது. மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

துவைத்தபின் முழுவதும் சுருக்கம் சுருக்கமாக வந்தால் அது கோளாறில் சேர்த்தியில்லை. பருத்திப் பஞ்சு ஷீட் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், கூடவே மேல்துணி நெளியும். பலர் அதற்காகவே பருத்தி தேடி வாங்குகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால்தான் துவைக்காத புதுத்துணி உள்ளே போயிருக்கிறது.

ஓரப்பட்டியின் மூலை மொட்டையாக இருக்கிறது

குவில்ட்டின் ஓரத்தை மூடும் பட்டியை மூலைவரை தைத்துவிட்டீர்கள். கால் இன்ச் முன்பே நிறுத்தி, பட்டியை நேர் மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டிக் கீழே மடித்துத் தொடங்குங்கள். பட்டி 2½ இன்ச் அகலம், நீளவாக்கில் இரண்டாக மடித்தது. 36 இன்ச் குவில்ட்டின் சுற்றளவு 144 இன்ச், மூலைக்கும் முடிப்புக்கும் 12 சேர்த்தால் 156. 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 4 பட்டி தாராளம். மூலை வரவே மாட்டேன் என்றால் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டமாக வெட்டிவிடுங்கள், ஆனால் அப்போது பட்டி கிராஸில் வெட்டியதாக இருக்க வேண்டும்.

வரைந்த கோடு போகவில்லை

சாக் பீஸ் கோடு உதறினாலே போகும். தண்ணீரில் கரையும் நீலப் பேனா என்றால் முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் நனையுங்கள். அதற்கு முன் இஸ்திரிப் பெட்டி பட்டால் கோடு பழுப்பாக நின்றுவிடும். சூட்டில் மறையும் பேனாவும் இப்போது கிடைக்கிறது. இஸ்திரி போட்டதும் மாயமாகும், ஆனால் மை துணியிலேயேதான் இருக்கும், கடுங்குளிர் பட்டால் திரும்ப எழும்பி வரும். இங்கே அந்தப் பயம் இல்லை. கனடாவில் இருக்கும் அக்கா மகளுக்கு ஜனவரியில் பார்சல் போகிறதென்றால் சாக் பீஸையே எடுங்கள்.